பெல்ட் ஆலைக்கு வேலைக்குப் போகிற தம்பிகளுக்கு

எங்கள் ஆலத்தியூர்ப் பக்கம் பையன்கள் ஐ.டி.ஐ. முடித்ததும் முதலில் பார்ப்பது சிமெண்ட் ஆலையின் கேட்டைத்தான். 1997இல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் (இப்போது ராம்கோ சிமெண்ட்ஸ்) சுண்ணாம்புக்கல்லை நம்பி இங்கே ஆலை போட்டதிலிருந்து அப்படித்தான். அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை 1979இலேயே வந்துவிட்டது. அங்கெல்லாம் இடமில்லை என்றால் அடுத்த பேச்சு ரப்பர். பெரம்பலூர் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலை வந்த பிறகு “ரப்பர் கம்பெனிக்குப் போறேன்” என்பது எங்கள் டீக்கடைகளில் சாதாரணப் பேச்சாகிவிட்டது.

நான் டயர் பக்கம் போகவில்லை. மதுரையைத் தாண்டி ஒரு சிறிய ஆலையில் வி-பெல்ட் செய்யும் மெஷினில் ஆப்பரேட்டராக இருந்தேன். வாலிப வயது பெரும்பாலும் அங்கேயே போயிற்று. இப்போது ஊரோடு வந்துவிட்டேன். மாவு மில், மோட்டார் ரூம், மக்காச்சோளம் அடிக்கிற மெஷின் என்று எங்கே பெல்ட் தகராறு செய்தாலும் கூப்பிடுகிறார்கள், போய்ப் பார்த்துக் கொடுக்கிறேன்.

சில நாள் முன்பு அக்கா மகன் வந்தான். “மாமா, பெல்ட்டு கம்பெனியில ஆள் எடுக்குறாங்க. சும்மா பட்டன் அமுக்குற வேலைதானாம். போலாமா?” என்றான். “போகலாம் தம்பி, ஆனா என்னா வேலைன்னு தெரிஞ்சிக்கிட்டுப் போ” என்று உட்கார வைத்துச் சொன்னேன். அவனைப் போல இன்னும் பலர் கிளம்பிக்கொண்டிருப்பதால் அதையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பெல்ட் செய்வது கைத்திறன் வேண்டிய தொழில். கற்றுக்கொள்ளக் காலம் பிடிக்கும். அதைப் பட்டன் வேலை என்று சொல்லி ஆள் எடுக்கிறவர்கள், திறமைக்குரிய கூலியைக் கொடுக்காமல் இருப்பதற்காகவே அப்படிச் சொல்கிறார்கள்.

எந்த பெல்ட்?

பெல்ட் என்றதும் எங்கள் ஊரில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது குவாரியிலிருந்து கல்லைச் சுமந்து வரும் கன்வேயர். அது பொருளைத் தூக்கிச் செல்லும் பெல்ட். நான் சொல்வது சக்தியைக் கடத்தும் பெல்ட். மோட்டார் சுற்றுகிறது, அந்தச் சுற்றை ஃபேனுக்கோ, கம்ப்ரஸருக்கோ, கிரஷருக்கோ, மாவு மில்லின் கல்லுக்கோ கொண்டுபோய்ச் சேர்ப்பது இது. கன்வேயரின் கியர்பாக்ஸுக்கும் மோட்டாருக்கும் நடுவிலேகூடப் பல இடங்களில் வி-பெல்ட் ஓடுவதைப் பார்க்கலாம்.

ஒரு காலத்தில் ஆலை முழுவதற்கும் ஒரே நீராவி எந்திரம்தான். கூரைக்கடியில் நீளமான ஷாஃப்ட் ஓடும். அதிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் தட்டையான தோல் பெல்ட் இறங்கும். சென்னை பெரம்பூர் பக்கிங்ஹாம் மில், மதுரை ஹார்வி மில் எல்லாம் தொடங்கிய 19ஆம் நூற்றாண்டில் பஞ்சாலை என்றால் அப்படித்தான். நம் பக்கம் ஆயில் எஞ்சினில் கான்வாஸ் பட்டையை மாட்டி நெல் அரைத்ததைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். தட்டைப் பட்டை வழுக்கும், கழன்று பறக்கும். 1917இல் அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் ஜான் கேட்ஸ் என்பவர் ரப்பரும் நூலும் சேர்த்து, பக்கவாட்டில் சாய்ந்த வடிவத்தில் ஒரு பெல்ட் செய்தார். இன்றைய வி-பெல்ட் அதன் வழி வந்தது.

நம் மாநிலத்தில் இந்தத் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர் மதுரை. கோச்சடையில் இருக்கும் ஜே.கே. ஃபென்னர் ஆலையைத் தெரியாத மெக்கானிக் இல்லை. இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் 1861இல் ஜோசப் ஹென்றி ஃபென்னர் தோல் பெல்ட் செய்யத் தொடங்கினார். அந்தப் பெயர்தான் இன்று நம் கடைகளில் பெல்ட் உறையில் இருக்கிறது. நான் வேலை பார்த்தது அங்கே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உள்ளே இருப்பது என்ன?

பழைய பெல்ட் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெளியே கறுப்புத் துணி சுற்றியிருக்கும். உள்ளே அடியில் கெட்டியான ரப்பர். மேல்பகுதிக்குச் சற்றுக் கீழே ஒரு வரிசையில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அவை நூல். பெரும்பாலும் பாலியெஸ்டர். இழுவையைத் தாங்குவது முழுக்க இந்த நூல்தான். அடி ரப்பர் நூலைத் தாங்கிப்பிடிக்கிறது. துணி, புல்லியோடு உரசும் தேய்மானத்தை வாங்கிக்கொள்கிறது.

பக்கங்கள் இரண்டும் சேர்ந்து 40 டிகிரிக் கோணம். பெல்ட்டின் அடி, புல்லிப் பள்ளத்தின் தரையைத் தொடவே கூடாது. பக்கங்கள்தான் ஆப்பு மாதிரி உள்ளே இறங்கிப் பிடிக்கவேண்டும். அடி தொட்டுவிட்டது என்றால் பெல்ட்டோ புல்லியோ தேய்ந்துவிட்டது என்று பொருள். பளபளவென்று மின்னும் புல்லித் தரையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஏ என்றால் 13 மில்லிமீட்டர் அகலம், பி 17, சி 22. கடையில் “பி 60” என்று கேட்டால், பி அளவில் உள்சுற்று 60 அங்குலம். இவற்றுக்கு ஐ.எஸ். 2494 என்ற இந்தியத் தர வரையறை இருக்கிறது.

ஆப்பரேட்டரின் வேலை

முதல் இடம் மிக்ஸிங். இயற்கை ரப்பரோ செயற்கை ரப்பரோ, பெல்ட்டின் வேலையைப் பொறுத்தது. எண்ணெயும் வெப்பமும் படுகிற இடத்துக்குக் குளோரோப்ரீன் ரப்பர். இயற்கை ரப்பர் என்றால் நம் கன்னியாகுமரி மாவட்டமும் கேரளமும். இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு வாழ்வு கொடுக்க உண்டான தோட்டங்களை நடத்தும் அரசு ரப்பர் கழகம் 1984இல் கன்னியாகுமரி மாவட்டத்தில்தான் அமைந்தது. ரப்பரோடு கார்பன் கரி, துத்தநாக ஆக்சைடு, எண்ணெய், கந்தகம், இன்னும் சில ரசாயனங்கள் சேரும். மூடிய மிக்ஸரில் கலந்து, கீழே இரட்டை உருளை மில்லில் விழும். இரண்டு உருளையும் வேறு வேறு வேகத்தில் சுற்றி அதைப் பிசைந்த மாவு போல ஆக்கும். அதிலிருந்து தகடாக எடுப்பார்கள்.

எடை பார்த்துப் போட்டால் முடிந்தது என்று நினைக்கலாம். முடியாது. அதே அளவுகள், அதே நிமிடங்கள். ஆனால் சித்திரை வெயிலில் ஒரு மாதிரி, ஐப்பசி மழையில் வேறு மாதிரி வரும். உருளை சூடேறிவிட்டால் காம்பவுண்ட் (கலந்த ரப்பர்) மில்லிலேயே வேகத் தொடங்கிவிடும். நல்ல மில் ஆப்பரேட்டர், தகடு உருளையை விட்டுப் பிரியும் சத்தத்திலும் அதன் மினுமினுப்பிலும் அதைக் கண்டுபிடிப்பார். லேப் ரிப்போர்ட் வரும் முன்பே “இந்த பேட்ச்சை நிறுத்துங்க” என்று சொன்ன அண்ணன்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பில்டிங். உருளை டிரம்மின் மேல் அடி ரப்பர் தகட்டைச் சுற்றி, அதன் மேல் நூலைச் சுற்றவேண்டும். ஒரே நூல்தான், சுருள் சுருளாக, நெருக்கமாக ஓடும். நடுவில் முடிச்சு கிடையாது. நூலின் இழுவை தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒன்றாக இருக்கவேண்டும். ஒரு பக்கம் தளர்ந்துவிட்டால் அந்த பெல்ட் ஓடும்போது முறுக்கிக்கொள்ளும், இல்லையென்றால் புல்லியில் புரண்டு விழும். கையில் தூசியோ, வியர்வையோ, தகடு ஒட்டாமலிருக்கத் தூவிய பவுடரோ இருந்தால் அடுக்கும் அடுக்கும் பிடிக்காது. வெளியே தெரியாது. என்றைக்கோ ஒருநாள் எவர் மோட்டாரிலோ ஓடும்போது இரண்டாகப் பிரியும்.

பிறகு டிரம்மில் சுற்றியதை வளையம் வளையமாக வெட்டி, ஓரத்தைச் சாய்வாகச் சீவுவார்கள். சீவுவதில் கோணம் தவறினால் புல்லியில் ஒரு பக்கமாகத் தேயும். அடுத்து நான் அதிக காலம் நின்ற இடம்: துணி சுற்றும் மெஷின். 45 டிகிரிச் சாய்வில் வெட்டிய, ரப்பர் ஏற்றிய துணியை ஓடுகிற வளையத்தின் மேல் மெஷின் மடித்துச் சுற்றிக்கொண்டு வரும். சாய்வாக வெட்டினால்தான் பெல்ட் வளையும்போது துணியும் வளைந்து கொடுக்கும். சுருக்கம் விழாமல், ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடம் சரியாக உட்கார ஆப்பரேட்டரின் கை வழிகாட்டவேண்டும். கண் மெஷினில், கை துணியில், கால் பெடலில். இது பழகுவதற்கே மாதக்கணக்கில் ஆகும். பழகியவர் ஒருவர் லீவு போட்டால் அன்றைக்கு ரிஜெக்‌ஷன் கூடுகிறது என்பதை எந்த சூப்பர்வைசரும் ஒத்துக்கொள்வார்.

கடைசியில் க்யூரிங். மோல்டில் அடுக்கி நீராவி ஆட்டோகிளேவில் ஏற்றுவார்கள். நீளமான பெல்ட் என்றால் சூடான பிரஸ்ஸில் பகுதி பகுதியாக, இழுத்துப் பிடித்தபடி வேகவைப்பார்கள். 150 டிகிரியை ஒட்டிய சூட்டில் கந்தகம் ரப்பரின் இழைகளைப் பிணைக்கிறது. 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தது இதைத்தான். வேகாத பெல்ட் நீளும், பிசுபிசுக்கும். அதிகம் வெந்த பெல்ட் விறைத்து வெடிக்கும். பிரஸ்ஸில் அடுத்த பகுதிக்கு நகர்த்தும்போது ஏற்கெனவே வெந்த ஓரம் மறுபடி வேகாமல் பார்ப்பது தனிக் கணக்கு.

வெந்து வந்ததும் ஒவ்வொரு பெல்ட்டையும் இரண்டு புல்லிக்கு நடுவே மாட்டி, குறிப்பிட்ட எடையைத் தொங்கவிட்டு நீளம் பார்ப்பார்கள். ஒரே மோல்டில் வெந்த பெல்ட்களுக்குள்ளும் சில மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். அதனால் பல தயாரிப்பாளர்கள் சரியான நீளத்துக்கு 50 என்றும், கூடக்குறைய இருந்தால் 51, 49 என்றும் எண் அடிப்பார்கள். நான்கு பெல்ட் சேர்ந்து ஓடும் இடத்தில் ஒரே எண் உள்ள நான்கையும் போடவேண்டும். நீளம் குறைந்த ஒன்று மட்டும் மாட்டிக்கொண்டால் மொத்தச் சுமையும் அதன் தலையில் விழும். அது அறும். பிறகு மற்றவையும் வரிசையாகப் போகும்.

இவ்வளவும் தெரிந்தவருக்குத் திறன் இல்லாத தொழிலாளி என்று சம்பளப் பட்டியலில் பெயர் எழுதுவது நியாயமா? நீங்களே சொல்லுங்கள்.

உடம்பும் உயிரும்

இந்தப் பகுதியைப் பெற்றோரும் படிக்கவேண்டும்.

ரப்பர் ஆலையில் முதல் ஆபத்து உருளைகள் சேரும் இடம். மில்லும், தகட்டை மெலிதாக்கும் உருளை மெஷினான கேலண்டரும் எதையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். விரல் போனால் கை போகும். அதனால் மோதிரம், வாட்ச், கையில் கட்டிய சாமிக் கயிறு எல்லாவற்றையும் ஷிஃப்டுக்கு முன் கழற்றிவிடவேண்டும். கயிற்றைக் கழற்ற மனம் வராது, எனக்குத் தெரியும். பையில் வைத்துக்கொள்ளுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. உடம்பு பட்டால் மில்லை நிறுத்திவிடும் பாதுகாப்புத் தடி உண்டு. அது வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் தொடங்கும் முன் அழுத்திப் பார்க்கவேண்டும். உற்பத்தி கெடுகிறது என்று அதைக் கட்டிவைத்திருக்கும் ஆலையில் நிற்காதீர்கள்.

அடுத்தது காற்று. கரித் தூள், ரப்பர் வேகும் புகை, ஒட்டுவதற்குத் துடைக்கும் பெட்ரோல் வாடை. உலக சுகாதார அமைப்பின் கீழுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, ரப்பர்ப் பொருள் உற்பத்தியில் வேலை செய்வதைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ரப்பர் சீக்கிரம் கெடாமலிருக்க முன்பு சேர்த்த பீட்டா நாஃப்தைலமின் என்ற ரசாயனம் சிறுநீர்ப்பையில் புற்று உண்டாக்குகிறது என்று தெரிந்து, பிரிட்டன் ரப்பர் ஆலைகள் அதை 1949இல் கைவிட்டன. பயந்து ஓடுவதற்காக இதைச் சொல்லவில்லை. இன்றைக்கு ரசாயனங்கள் மாறியிருக்கின்றன; புகையை உறிஞ்சி வெளியேற்றும் வசதியும், பொடியைப் பைகளிலேயே அளந்து போடும் முறையும் வந்துவிட்டன. அவை உங்கள் ஆலையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். தூசிக்கு மருந்து என்று வெல்லமும் வாழைப்பழமும் கொடுப்பார்கள். சாப்பிடுங்கள், தப்பில்லை. ஆனால் அது நுரையீரலைக் கழுவாது. முகமூடியும் புகைபோக்கியும்தான் காக்கும். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வேலைச் சட்டையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

பெல்ட் எவ்வளவு பெரிய விபத்தில் முடியும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1950 செப்டம்பர் 26 அன்று இங்கிலாந்தின் டெர்பிஷயரில் கிரெஸ்வெல் நிலக்கரிச் சுரங்கத்தில் கிழிந்த கன்வேயர் பெல்ட் உரசித் தீப்பிடித்தது. 80 பேர் இறந்துபோனார்கள். அதன் பிறகே தீப்பிடிக்காத சுரங்கப் பெல்ட்கள் கட்டாயமாகும் நிலை வந்தது. கிழிந்த இடத்தைப் பார்த்தும் பார்க்காதது போலப் போவது எவ்வளவு பெரிய குற்றம் என்பதற்கு இது போதும்.

மாட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை

எங்கள் பக்கத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் வரும் பருவத்தில் எல்லா மெஷினும் ராப்பகலாக ஓடும். பெல்ட் போய்விட்டால் அவசரம். கடப்பாரையைக் கொடுத்து நெம்பி, புல்லியின் மேல் ஏற்றுவார்கள். அந்த ஒரு நெம்பலில் உள்ளே நூல் அறுந்துவிடும். வெளியே கீறல்கூட இருக்காது. சில நாளில் பெல்ட் போய்விட, “மாலு சரியில்ல” என்று கடைக்காரரிடம் சண்டை போடுவார்கள்.

செய்யவேண்டியது எளிது. மோட்டார் போல்ட்டைத் தளர்த்தி முன்னால் தள்ளி, பெல்ட்டைக் கையாலேயே மாட்டவேண்டும். பிறகு இழுத்து இறுக்கவேண்டும். இரண்டு புல்லிக்கும் இடைப்பட்ட தூரம் ஒரு மீட்டர் என்றால், பெல்ட் உற்பத்தியாளர் சொல்லும் விசையில் நடுவில் அழுத்தினால் சுமார் 16 மில்லிமீட்டர் இறங்கவேண்டும். புது பெல்ட் முதல் ஒன்றிரண்டு நாளில் உட்காரும். மறுபடி ஒருதரம் இறுக்கவேண்டும். ஒன்று அறுந்தாலும் செட்டாகவே மாற்றவேண்டும். இரைச்சல் போட்டால் பெல்ட் வேக்ஸ் தடவுவதை விட்டுவிட்டு ஏன் வழுக்குகிறது என்று பாருங்கள். ஒழுங்காக மாட்டிய வி-பெல்ட் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் சக்தியைக் கொண்டுசேர்க்கும். வழுக்கினால் அந்த மின்சாரம் சூடாகப் போகிறது. சூடு பெல்ட்டையும் தின்கிறது.

முக்கியமானது மூடி. மாவு மில்லில் சேலைத் தலைப்பு, தாவணி, பின்னல் மாட்டிய கதைகள் எந்த ஊரில் இல்லை? 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 21ஆம் பிரிவில் சுழலும் பாகங்களுக்கு உறுதியான வேலி வேண்டும் என்றது. 22ஆம் பிரிவில், ஓடும் எந்திரத்தை நெருங்கிப் பார்க்கிறவர் பயிற்சி பெற்றவராக, உடம்போடு ஒட்டிய உடை அணிந்தவராக இருக்கவேண்டும் என்றும், 15 சென்டிமீட்டருக்கு மேல் அகலமான பெல்ட்டை ஓடும் புல்லியில் தொடக்கூடாது என்றும் விவரமாக எழுதினார்கள். எத்தனையோ கைகள் போன பிறகு எழுதிய வரிகள் அவை. நம் ஊர் சின்ன மில்லுக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வராமல் இருக்கலாம். கம்பி வலை ஒன்று அடித்து மூடுவதற்கு இன்ஸ்பெக்டர் எதற்கு?

சேரும் முன் கேளுங்கள்

அக்கா மகனிடம் கடைசியாகச் சொன்னது இது. வேலைக்குப் போகும் முன் நான்கைந்து கேள்வி கேள். நேரடி வேலையா, காண்ட்ராக்டா? காண்ட்ராக்ட் என்றால் காண்ட்ராக்டரிடம் லைசன்ஸ் இருக்கிறதா? காண்ட்ராக்ட் தொழிலாளர்களுக்கென்று 1970லேயே தனிச் சட்டம் போட்டார்கள். பி.எஃப். எண்ணும் இ.எஸ்.ஐ. எண்ணும் முதல் மாதமே உன் கைக்கு வருமா? பயிற்சி என்று சொன்னால் எத்தனை மாதம், அதன் முடிவில் சான்றிதழ் உண்டா? எந்த மெஷினில், யாரிடம் பழகவேண்டும்? வருடாந்திர உடல் பரிசோதனை உண்டா? இவற்றைக் கேட்டதற்கு முகம் சுளிக்கிற இடம் உனக்கு வேண்டாம்.

நான் இருந்த காலத்தில் துணி சுற்றும் மெஷினில் எனக்குப் பக்கத்தில் நின்றவர்களில் பாதிப்பேருக்கு மேல் காண்ட்ராக்ட். அதே மெஷின், அதே டார்கெட், அதே நைட் ஷிஃப்ட். சம்பளம் மட்டும் வேறு. கைத்திறன் கூடியவரைக்கூடத் திடீரென்று மாற்றிவிட்டுப் புதுப் பையனை நிறுத்துவார்கள். ரிஜெக்‌ஷன் மூட்டை மூட்டையாகக் குவியும். அதன் நஷ்டத்தைக் கணக்கில் பார்த்தால், பழகியவருக்கு நிரந்தர வேலையும் நல்ல சம்பளமும் கொடுப்பதே ஆலைக்கு மலிவு. இதை நான் அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

தம்பிகளே, போங்கள், தயங்காமல் கற்றுக்கொள்ளுங்கள். மில், பில்டிங், க்யூரிங் மூன்றையும் தெரிந்தவர் எந்த ரப்பர் ஆலையிலும் பிழைத்துக்கொள்வார். கற்றதைச் சின்ன நோட்டில் எழுதி வையுங்கள். உங்களுக்குப் பின் வருபவருக்கு மறைக்காமல் சொல்லிக்கொடுங்கள். ஆலை நடத்துகிற ஐயாமார்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பெல்ட் ஆப்பரேட்டரைத் திறன் பெற்ற தொழிலாளி என்று பட்டியலில் எழுதுங்கள், அதற்குரிய கூலியைக் கொடுங்கள், அவர் மூச்சுவிடும் காற்றைச் சுத்தமாக வையுங்கள். கேட்கிற உரிமை அவருக்கு இருக்கிறது.